மருந்துச் சீட்டும் மந்திரமும்

(அமராவதிபுதூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மந்திரத்திற்கு இவ்வளவு மரியாதை ஏன்? அது கேட்பவனுக்குப் புரியாது என்பதுதான் காரணம். புரிந்தால் அர்த்தம் கேட்பான். அர்த்தம் கேட்டால் தட்சணை குறைந்துவிடும். அந்தப் புரியாத தன்மை வைத்தியசாலைக்குள்ளும் புகுந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம். வைத்தியம் விஞ்ஞானமானதால் அதை நாம் குறை கூறவில்லை. அது நோயாளிக்கு விளங்காமல் நடப்பதைத்தான் கண்டிக்கிறோம்.

நம் வீட்டில் நடந்ததையே கேளுங்கள். நம் தாயாருக்கு நீரிழிவு. டாக்டர் மாத்திரை எழுதி, "சாப்பாட்டுக்கு முன் போடுங்கள்" என்றார். கிருத்திகை வந்தது. தாயார் சாப்பாட்டை விட்டார், மாத்திரையை விடவில்லை. மத்தியானம் வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, மயங்கி விழுந்தார். சாமி வந்துவிட்டதென்று அண்டை வீட்டார் விபூதியுடன் ஓடி வந்தார்கள்! காரைக்குடிக்குத் தூக்கிச் சென்று குளுக்கோஸ் ஏற்றிய பிறகே கண் திறந்தார். இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறி இறங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. விரதம் இருப்பதைத் தாயாரும் சொல்லவில்லை. "ஏன் ஆத்தா கேட்கவில்லை?" என்றோம். "டாக்டர் கோபித்துக்கொள்வாரே" என்றார். தோழர்களே! இந்தப் பயம்தான் உயிரைக் குடிப்பது.

தமிழில் வைத்தியத்தை விளக்க முடியாது என்பாரும் உண்டு. 1847-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், பாதிரி சங்கத்தார் அனுப்பியவர். அவர் மதத்திற்கும் நமக்கும் ஒட்டில்லை. ஆனால் அவர் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். 1857-ல் பிரசவ வைத்தியம், 1867-ல் இரண வைத்தியம், 1875-ல் கெமிஸ்தம் என்று புத்தகங்களும் வெளியிட்டார். அன்னியர் ஒருவர் புத்தகமாகவே எழுதியதைத் தமிழ்நாட்டு டாக்டர் ஐந்து நிமிஷம் வாயால் சொல்லக் கூடாதா? கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பது உண்மையே. ஆனால் சொல்லாமல் விட்டு, அந்த நோயாளி மயங்கித் திரும்பி வந்தால் நேரம் இன்னும் அதிகமல்லவா செலவாகும்?

சட்டமும் நம் பக்கமே இருக்கிறது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்குக் கருப்பையையே எடுத்துவிட்ட வழக்கில், 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சிகிச்சை இன்னது, அதன் அபாயம் இன்னது, வேறு வழி இன்னது என்று சொல்லிப் பெறுவதே சம்மதம் என்றது. மருந்தின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016-ல் மருத்துவ கவுன்சில் விதியும் வந்தது.

ஆகையால் தாய்மார்களே! வைத்தியசாலைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு என்ன நோய்? இந்த மருந்து எதற்கு, எப்படி, எத்தனை நாளைக்கு? என்ன குறி கண்டால் உடனே ஓடி வரவேண்டும்? விரதமானாலும் நாட்டு மருந்தானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கடைசியில், கேட்டதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்; தப்பிருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். டாக்டர்களும் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும்.

கோயிலில் கைகட்டி நின்ற பழக்கத்தை வைத்தியசாலையிலாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.