திறப்பு நம் கையிலே
(தெஹிவளையில் ஆற்றிய சொற்பொழிவு)



களவு புதிதன்று, கள்வன் வரும் வழியே புதிது. அன்று கூரையைப் பிரித்து இறங்கினான். இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி வழியாக நுழைகிறான்.

2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த கள்வர், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரைப் பறிக்க முயன்றனர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. 2 கோடி டொலர் நம் இலங்கைக்கே அனுப்பப்பட்டது! பெறுநரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடையிலிருந்த வங்கியொன்று கவனித்தது, பணம் தப்பியது. விழிப்பான கண்ணொன்றே அதனைக் காத்தது. கள்வர் உள்ளே புகுந்தது எவ்வாறு? வேலை கேட்டு எழுதுவோர்போல் அனுப்பிய மின்னஞ்சலால் என்று 2018 இல் அமெரிக்க நீதித்துறை கூறிற்று.

மத்திய வங்கிக்கே இக்கதியென்றால், வெள்ளவத்தையில் வாழும் உத்தியோகத்தரின் சேமிப்பும், கிளிநொச்சியில் நெல் விற்ற உழவரின் பணமும் எம்மாத்திரம்?

கைத்தொலைபேசி திருட்டுப் போனால் போவது கருவி மட்டுமன்று. வங்கி அனுப்பும் ஒருமுறை எண் சிம் அட்டையைத் தேடியே வருகிறது. திரையைத் திறக்க இயலாத திருடனும், அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டால் அவ்வெண்ணைப் பெறுவான். ஆதலின் சிம் அட்டைக்கும் தனியே இரகசிய எண் இடுங்கள். மூன்று முறை தவறினால் அட்டை தானே பூட்டிக்கொள்ளும். பூட்டிய திரையில் செய்திகள் தோன்றாதவாறு செய்யுங்கள். மின்னஞ்சலே ஏனைய கணக்குகளுக்கெல்லாம் பெருந்திறப்பு. அதன் கடவுச்சொல்லை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது.

*#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். கருவி தொலைந்தால் முதலில் தொலைபேசி நிறுவனத்துக்கு அறிவித்து அட்டையை முடக்குங்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். பின்னர் அவ்வெண்ணுடன் பொலிஸ் நிலையம் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருப்பவன், விடியுமுன்னே வறியவனாகலாம்.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இந்நாட்டில் உண்டு. ஆனால் சட்டம் களவின் பின்னே வருவது. எச்சரிக்கை முன்னே வரவேண்டும். அதுவும் விளங்கும் மொழியில் வரவேண்டும். ஆங்கிலத்தில் வந்த வங்கிச் செய்தியை வாசிப்பிக்க முன்பின் அறியாதவரிடம் கைத்தொலைபேசியை நீட்டும் முதியவர், தம் பெட்டகத்தின் திறப்பையே நீட்டுகிறார். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் எச்சரிக்கை தருக என்று வங்கிகளைக் கேட்பது சலுகை வேண்டுதலன்று. நம் பணத்தைக் காக்கும் நியாயமான கோரிக்கை.

கற்றோரே! அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, ஒரு குடும்பத்துக்கேனும் இவற்றைச் செய்து காட்டுங்கள். ஆனால் அவர்களின் இரகசிய எண்ணை நீங்களும் கேளாதீர்கள். வங்கியின் பெயரால் கேட்பவருக்கும் உறவின் பெயரால் கேட்பவருக்கும் அதைச் சொல்லாதிருத்தலே காவல் என்பதை, உங்கள் நடத்தையாலேயே அவர்கள் கற்கட்டும்.