வாகனத் தரிப்பிடத்தில் முடிந்த மலையேற்றம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலை ஒன்றுதான். அங்கும் கேணிக்குள் இறங்கினோமே தவிர எதன் மீதும் ஏறவில்லை. அப்படிப்பட்ட நாங்கள் மூவர், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், கல்லூரியின் நூற்றாண்டை நினைந்து ஜனவரி மாதத்தில் ஸ்கொட்லாந்தின் கெயார்ன்கோம் மலையில் ஏறத் தீர்மானித்தோம். ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து வந்தாள், மற்றவள் லண்டனிலிருந்து. ஸ்கொட்லாந்தில் வைத்தியராக இருப்பவள் நான் என்பதால் திட்டமிடல் என் பொறுப்பாயிற்று.

1,245 மீற்றர் உயரம் என்றால் எங்கள் சிவனொளிபாத மலையிலும் பார்க்க மிகக் குறைவு. ஆனால் அதன் உச்சியில் 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகக் காற்றுப் பதிவாகியிருக்கிறது. 1971 நவம்பரில் அந்த மேட்டுநிலத்தில் பனிப்புயலில் அகப்பட்டு ஐந்து பாடசாலைப் பிள்ளைகளும், துணைக்குச் சென்ற 18 வயது யுவதி ஒருவரும் குளிரில் இறந்தார்கள். ஒதுங்குவதற்கு ஒரு குடில் இருந்தது. அதை அவர்களால் சென்றடைய முடியவில்லை.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போட்டேன். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே பகல் ஏழு மணித்தியாலமளவுதான். மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நேய்ஸ்மித் என்பவர் 1892இல் சொன்ன கணக்கொன்று உண்டு: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒன்று. அதன்படி சிகரத்துக்கு இரண்டு மணித்தியாலம் போதும். பனியில் நான் அதை இரட்டித்தேன். காலை ஒன்பதுக்கு நடக்கத் தொடங்குவது, எங்கே நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்புவது என்று எழுதினேன். முதல்நாள் மாலை பனிச்சரிவு அறிவித்தலையும் மலைக்கான வானிலையையும் பார்த்தோம். பிற்பகலில் காற்று வலுக்கும் என்றிருந்தது.

வாகனத்துக்குக் குளிர்கால ரயர் போட்டிருந்தேன். ஏழு பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். எரிபொருள் நிறைய, ஒரு சவள், கம்பளி, சுடுதண்ணி, தலையில் கட்டும் விளக்கு எல்லாம் இருந்தன. இரவே ஒரு ஒப்பந்தமும் செய்தோம்: ஒருத்தி திரும்புவோம் என்றால் மூவரும் திரும்புவது, காரணம் கேட்பதில்லை.

காலையில் கிளென்மோரில் வீதித் தடுப்பு மூடியிருந்தது. மேலே பனி அகற்றிக்கொண்டிருந்தார்கள். திறந்தபோது பத்தரை. 630 மீற்றர் உயரத்திலுள்ள தரிப்பிடத்தில் கதவைத் திறந்தேன். காற்று அதைக் கையிலிருந்து பறித்தது.

லண்டன்காரி மெல்லச் சொன்னாள்: “எனக்குப் பயமாக் கிடக்கு. திரும்புவமடி.”

ஒப்பந்தம் எழுதியவள் நான். மீற முயன்றவளும் நான்தான். “இவ்வளவு தூரம் வந்திட்டு, சும்மா திரும்பிறதே? கொஞ்சத் தூரம் போய்ப் பாப்பம்” என்றேன். ரொறன்ரோக்காரி என்னைப் பார்த்தாள். “காரணம் கேக்கிறேல்லை எண்டு சொன்னனி” என்றாள்.

வாகனத்துக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கினோம்.

எனக்கு ஏன் அந்தச் சொல் அவ்வளவு கசந்தது? எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாதே என்று இங்கே எங்களுக்குக் கற்பித்தார்கள். அதனால்தான் நான் வைத்தியரானேன், நன்றியோடு சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்த சனத்துக்குள் நாங்கள் மூவரும் வெவ்வேறு இடங்களில் நின்றோம். அன்று திரும்ப வழியே இருக்கவில்லை. அதற்குப் பிறகு முன்னே போவது ஒன்றுதான் எங்களுக்குப் பழகிப் போயிற்று. ஆனால் அந்தத் தரிப்பிடத்தில் எங்களுக்குத் திரும்ப ஒரு வீதி இருந்தது. ஓட ஒரு வாகனம் இருந்தது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவிமோருக்கு இறங்கி வரும்போதுதான் உறைத்தது.

பிற்பகல் காற்று எவ்வளவு அடித்தது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. ஏறியிருந்தாலும் சுகமாக வந்திருப்போமோ என்னவோ. வராத நோயைத் தடுத்ததற்கு எந்த நோயாளியும் எனக்கு நன்றி சொன்னதில்லை; இதுவும் அப்படித்தான்.

இன்று இங்கே படிக்கும் தங்கைமாரே, ஏறுவதற்கு உங்களுக்குச் சொல்லித்தரப் பலர் உண்டு. “எனக்குப் பயமாக் கிடக்கு” என்று உங்களில் ஒருத்தி சொன்னால் அவளைப் பார்த்துச் சிரியாதீர்கள். அன்று எங்கள் மூவரில் துணிச்சல்காரி அவள்தான்.

மலை அங்கேயே இருக்கிறது. அடுத்த ஜனவரியில் மூவரும் மறுபடி போகிறோம்.

கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.