சாரணர் படை நிலைத்திருக்கச் சில எண்ணங்கள்

(தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாலை உணவை இருட்டுமுன் முடிக்க வேண்டியிருப்பதால் சுருங்கவே பேசுகிறேன்.

'சாரணர்' என்னும் சொல்லை நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் அறம் உரைக்கும் முனிவர்க்கு அப்பெயர் உண்டு. கழுத்தில் ஸ்கார்ஃப் அணிந்து பள்ளித் திடலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் அதே பெயர் வாய்த்தது. 170க்கு மேற்பட்ட நாட்டு அமைப்புகளை உறுப்பாகக் கொண்ட அவ்வியக்கத்தைப் பற்றியே பேச வந்தேன். நான் பல்லாண்டுகள் சாரண ஆசிரியனாக இருந்தவன். ஆகவே நான் சொல்லும் குறைகளில் என் பங்கும் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை இவ்வட்டாரத்தில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். முடிச்சுப் போடவும், முதலுதவி செய்யவும், மூங்கிலும் கயிறும் கொண்டு தூக்குப்படுக்கை கட்டவும் என்னிடம் பயின்றவர்கள் இச்சுற்றுப்புறத்தில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தனர். அவர்களுள் எவர் எங்கிருக்கிறார் என்ற பட்டியல் யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கைப்பேசியில் ஏழு எண்கள் இருந்தன. அவற்றுள் மூன்று வழக்கொழிந்தவை. நீர் வடிந்தபின் பழைய மாணவர் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டேன். "சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

பிழை எங்கே? நம் பள்ளிகளில் படை என்பது ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் தொங்குகிறது. அவர் மாற்றலாகிப் போனால் கொடியும் கயிறும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. பிள்ளைகள் ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் பெறும்வரை வருகிறார்கள். பிறகு பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. கல்லூரியில் திரிசாரணராகத் தொடர வழியுண்டு என்பதையே பலர் அறியார். பெற்றோரைக் குறைகூற மாட்டேன். சான்றிதழை முன்னிறுத்திப் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் நாங்கள்தாம்.

தொடக்கம் இவ்வாறு இல்லை. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். என் படையிலோ, அணித் தலைவன் என்றால் வருகைப் பதிவேட்டைச் சுமப்பவன், அவ்வளவே. முடிவுகளை நானே எடுத்தேன். நான் விலகியதும் முடிவெடுக்க ஆளில்லாமற் போயிற்று.

இடத்திற்கேற்ப மாறுவதும் இவ்வியக்கத்திற்குப் புதிதன்று. 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது அதில் இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் நம் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டு, தலைப்பாகையையும் சீருடையில் சேர்த்தார். பாரத சாரணர் சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7இல்தான் உருவாயிற்று. அன்று அவ்வளவு மாற முடிந்த இயக்கம், இன்று நம் கடற்கரைக்கு ஏற்பச் சிறிது மாறலாகாதா? முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற கரையில், நீச்சல் அறியாத சாரணர்களை நாங்கள் உருவாக்கியிருக்கிறோம்! தகுந்த பயிற்சியாளரை அமர்த்தி நீச்சல் கற்பிக்க வேண்டும், சாரணியர்க்கும்தான். படகு, கயிறு, காற்று பற்றிச் சொல்லித்தர மீனவப் பெரியவர்களை அழைக்கலாம்.

அடுத்து, படைக்கு ஒரு பதிவேடு வேண்டும். எந்தத் தெரு தாழ்வானது, எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார், டிராக்டர் யாரிடம் உண்டு என்பவற்றைப் பிள்ளைகளே நடந்து கேட்டு எழுத வேண்டும். விலகும் அணித் தலைவன் புதியவனோடு அதே தெருக்களில் ஒருமுறை நடந்து, பிறகே பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். முன்னாள் சாரணர் பட்டியலும் அதிலேயே இருக்கட்டும். ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சரிபார்க்கட்டும். முதியோர் பற்றிய குறிப்புகளை அவர்கள் இசைவுடனேயே எழுத வேண்டும். அது கண்டவர் கையில் போகக் கூடாது.

2025 சனவரி இறுதியில் மணப்பாறையில் வைரவிழா ஜாம்போரி நடைபெற்றது. அத்தகைய பெருந்திரள் முகாம் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவேட்டுப் பணிக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும், மேடையும் வேண்டாம்.

அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். சீருடைச் செலவுக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இருபது சீருடைகளை வாங்கி, நூலகம் போலப் பள்ளிகளுக்குக் கொடுத்து வாங்கும் முறையை நீங்கள் தொடங்கலாம். எந்தச் சமூகத்துப் பிள்ளை என்று கேளாமல் கொடுங்கள்.

பட்டியலுக்கு இதுவரை இருபத்தாறு பெயர்களைச் சேர்த்துள்ளேன். இக்கூட்டத்தில் முன்னாள் சாரணர், சாரணியர் எவரேனும் இருந்தால் உணவுக்குப் பின் என்னைக் காணுங்கள். பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.