சத்தம் கேக்குது, வசனம் கேக்கல: அப்பாவோட பார்த்த ஆக்‌ஷன் படங்கள்

இந்த எபிசோடு முழுக்க சினிமா. முதல்லயே சொல்லிடறேன், நான் விமர்சகர் எல்லாம் இல்ல. வாரம் அஞ்சு நாள் கோடு எழுதிட்டு, சனிக்கிழமை ஊருக்குப் போனா அப்பாவைக் கூட்டிட்டு ஏதாவது ஒரு படத்துக்குப் போற ஆளு. கேமரா ஆங்கிள், திரைமொழி இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா போன ரெண்டு மூணு வருஷமா ஆக்‌ஷன் படங்களையும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களையும் கொஞ்சம் வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். அதுக்குக் காரணம் அப்பாவோட காது.

அப்பா கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல, வீவிங் செக்‌ஷன்ல, முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். தறி ஓடற ஷெட்டுக்குள்ள பக்கத்துல நிக்கறவர் கத்தினாக்கூடக் கேக்காது. காதுல பஞ்சை உருட்டி வச்சுக்குவாங்களாம், அவ்வளவுதான் பாதுகாப்பு. ரிட்டயர் ஆனப்புறம் பரிசோதனை பண்ணினா ரெண்டு காதுலயும் நல்லாவே குறைஞ்சிருக்கு. மெஷின் சத்தத்தால வர்ற இந்தக் குறைபாட்டுல முதல்ல போறது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். ஆ, ஓ மாதிரி உயிரெழுத்தெல்லாம் கேக்கும். ச, ஸ, த, ஃப மாதிரி மெல்லிசான ஒலிகள் கேக்காது. அதனால ஒருத்தர் பேசறாருன்னு தெரியும், என்ன பேசறாருன்னு தெரியாது. 'சத்தம் கேக்குது கண்ணு, வார்த்தை கேக்க மாட்டேங்குது'ன்னு அப்பா சொல்லுவார். நாங்க அதைப் புரிஞ்சுக்காம இன்னும் சத்தமா கத்துவோம். கத்தினா அவருக்கு வலிக்கும். மெதுவான ஒலி கேக்காது, பெரிய ஒலி காதைக் குத்தும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடம் ரொம்பக் குறுகிப் போயிருக்கு.

இது எனக்கு உறைச்சது ஒரு தியேட்டர்லதான். படம் பேர் வேணாம், ஒரு பெரிய ஹீரோ படம். ஹால் முழுக்கச் சிரிக்குது. நான் சிரிச்சுட்டே எதேச்சையா திரும்பிப் பார்த்தேன். அப்பா ஸ்கிரீனைப் பார்க்கல, முன்னாடி வரிசையில இருக்கறவங்களைப் பார்த்துட்டு இருந்தார். அவங்க சிரிக்கறதைப் பார்த்துட்டு, அரை செகண்ட் கழிச்சு அவரும் சிரிச்சார். எத்தனை வருஷமா இப்படிப் பண்றாரோ தெரியல. வீட்டுலயும் அதேதான். 'என்ன சொன்னான்?'னு கேப்பார், 'ஒண்ணுமில்லப்பா, விடுங்க'ன்னு நான் சொல்லுவேன். அந்த 'ஒண்ணுமில்ல'வை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றேன்னு அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில எண்ணிப் பார்த்தேன். சொல்ற மாதிரி இல்ல.

சரி, படங்களுக்கு வருவோம்.

ஹியரிங் எய்டு வாங்கினப்புறம் எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். தியேட்டருக்குள்ள அது சரியா வராது. அது வசனத்தையும் கூட்டும், பின்னணி இசையையும் கூட்டும், பாப்கார்ன் கவரையும் கூட்டும். நம்ம ஆக்‌ஷன் படங்கள்ல வசனத்துக்கு மேலேயே இசையை ஏத்தி வைக்கற பழக்கம் வேற. 'கங்குவா' 2024 நவம்பர்ல வந்தப்போ சத்தம் தாங்க முடியலன்னு புகார் கிளம்பி, தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்ட ஒலியை ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்ற அளவுக்குப் போச்சு, ஞாபகம் இருக்கும். அதே மாதிரி சத்தமா இருந்த இன்னொரு படத்துல, அப்பா பத்தாவது நிமிஷமே மெஷினைக் கழட்டி சட்டைப் பையில போட்டுட்டார். எனக்குத் தலைவலி. அன்னைக்கு அந்த ஹால்ல நிம்மதியா உட்கார்ந்திருந்த ஒரே ஆள் எங்கப்பாதான்.

நோலனோட 'டெனெட்' பத்தியும் ஒரு வார்த்தை. அது வந்தப்போ உலகம் பூரா வசனம் கேக்கலன்னு சண்டை. மாஸ்க் போட்டுட்டுப் பேசறாங்க, மேல இசை இடிக்குது, பேசற விஷயமோ இயற்பியல். நல்லாக் காது கேக்கற அத்தனை பேரையும் ரெண்டரை மணி நேரம் எங்கப்பா மாதிரி ஆக்கின படம் அது. பக்கத்துல இருந்த ஃப்ரெண்டுகிட்ட 'என்ன சொன்னான்?'னு நான் கேட்டேன். அவன் 'ஒண்ணுமில்ல விடு'ன்னான். எனக்கு எரிச்சலா வந்துச்சு.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஜார்ஜ் மில்லர். 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' 2015 படம், புதுசில்ல, ஆனா அப்பாவுக்கு நான் போட்டுக் காட்டினது போன வருஷம்தான். வழக்கமான திரைக்கதையா எழுதாம, 3,500 படங்களுக்கு மேல ஸ்டோரிபோர்டா வரைஞ்சு வச்சுட்டு எடுத்த படம். அது பார்க்கும்போதே தெரியும். யார் யாரைத் துரத்தறாங்க, எதுக்குத் துரத்தறாங்க, வண்டியில எது உடைஞ்சது, யார் சரி பண்றாங்க, எல்லாம் கண்ணுலயே கிடைக்கும். முக்கியமான விஷயத்தை எப்பவும் ஃபிரேமோட நடுவுலயே வச்சிருப்பாங்க, அதனால எவ்வளவு வேகமா கட் பண்ணினாலும் கண்ணு தேட வேண்டியதில்ல. அந்த எடிட்டிங்குக்கு மார்கரெட் சிக்ஸல் ஆஸ்கர் வாங்கினாங்க. அப்பா முழுப் படத்தையும் மெஷின் போடாமலே பார்த்தார். முடிஞ்சதும், 'அந்தப் பொண்ணு திரும்பி வந்த வழியிலேயே போறது நல்ல யோசனை'ன்னார். கதையோட மையமே அதுதான். ஒரு வார்த்தைகூட நான் விளக்கல.

'ஃபியூரியோசா' 2024ல வந்துச்சு, தியேட்டர்ல கூட்டம் வரல. எனக்கும் முன்னதை விடக் கொஞ்சம் கம்மிதான், நடுவுல இழுக்குது. ஆனா போர் லாரி மேல பாராசூட்ல பறந்து வந்து தாக்கற அந்தப் பதினஞ்சு நிமிஷம் இருக்கே, அதை மட்டும் எடுக்க 78 நாள் ஆச்சாம். அதுக்குக் கூட்டம் வந்திருக்கணும்.

'ஜான் விக் 4' இன்னொண்ணு. ஒரு மனுஷன் அடி வாங்கி, எழுந்து, திரும்ப அடி வாங்கற படம்தான். பாரிஸ்ல சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறற 222 படி. விடியறதுக்குள்ள மேல போகணும், போகலைன்னா கதை முடிஞ்சுது. பாதிக்கு மேல ஏறிட்டு, ஒரே உதையில அத்தனை படியும் உருண்டு கீழ வந்து விழறார். அந்த இடத்துல அப்பா வாய் விட்டுச் சிரிச்சார். முக்கியமா, ஹால்ல இருந்த எல்லாரோடயும் ஒரே நேரத்துல சிரிச்சார். 'மில்லுல எனக்கு இன்கிரிமென்ட் வந்த கதை மாதிரியே இருக்குது'ன்னார்.

'மிஷன் இம்பாசிபிள்: தி ஃபைனல் ரெக்கனிங்', 2025 மே. இதுல எனக்குக் கோபம். வில்லன் ஒரு ஏஐ. நான் அந்தத் துறையில வேலை பார்க்கறவன், ஆர்வமா போனேன். முதல் ஒரு மணி நேரம் இருட்டு ரூம்ல நின்னு எல்லாரும் மாத்தி மாத்தி விளக்கம் சொல்லிட்டு இருக்காங்க. ஒருத்தர் பாதி வாக்கியம் சொல்லுவார், அடுத்தவர் மீதியை முடிப்பார். எங்க டீம்ல காலையில நடக்கற ஸ்டாண்டப் மீட்டிங் இதை விட விறுவிறுப்பா இருக்கும். அப்பா தூங்கிட்டார். ஆனா முங்கிப் போன நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள டாம் குரூஸ் போறப்போ எழுப்பிட்டேன். கிட்டத்தட்ட வசனமே இல்ல. கப்பல் உருள உருளத் தண்ணி இடம் மாறுது, அடுக்கி வச்ச டார்பிடோ எல்லாம் சரியுது. அப்பா சீட்டைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பகுதியை எடுத்தவங்கதான் முதல் ஒரு மணி நேரத்தையும் எடுத்தாங்கன்னு நம்ப முடியல.

தமிழ் டப்பிங்ல கூட்டிட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. போனோம். அங்கதான் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் தெரிஞ்சது. அப்பா இத்தனை வருஷமா உதட்டைப் படிச்சுட்டு இருந்திருக்கார். தறி ஷெட்டுல எல்லாரும் அப்படித்தானாம். சத்தத்துல பேச முடியாது, அதனால வாயை நல்லா அசைச்சுப் பேசுவாங்க, எதிர்ல இருக்கறவர் உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். டப்பிங் படத்துல உதடு இங்கிலீஷ் பேசுது, காதுக்கு அரைகுறையா தமிழ் வருது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கெடுத்துடுது. நம்ம படத்துலயே தமிழ் தெரியாத ஹீரோயின் யாருன்னு அப்பா முதல் சீன்லயே சொல்லிடுவார். இத்தனை நாள் அதை நான் ஏதோ சினிமா ஞானம்னு நினைச்சுட்டு இருந்தேன். (சிரிப்பு.) நம்ம ஹீரோக்கள் பன்ச் வசனத்தைச் சுருட்டை வாயில வச்சுட்டு, இல்லன்னா முதுகைக் காட்டி நடந்துட்டே பேசற ஸ்டைல் இருக்கே, அது எவ்வளவு பேரை வெளியே தள்ளுதுன்னு அப்புறம்தான் யோசிச்சேன்.

சப்டைட்டில்? தமிழ்ப் படத்துக்கு நம்ம ஊர் மல்டிபிளெக்ஸ்ல இங்கிலீஷ் சப்டைட்டில் போடறாங்க. அப்பா தமிழ் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறவர். தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே எழுத்து போட்ட ஒரு ஷோவுக்கு நான் இதுவரைக்கும் டிக்கெட் எடுத்ததில்ல. காது கேக்காதவங்க, கண்ணு தெரியாதவங்களுக்கு தியேட்டர்ல என்ன வசதி தரணும்னு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சுல வழிகாட்டுதலே போட்டிருக்கு. நாங்க போற தியேட்டர்ல கேட்டேன். கவுன்ட்டர்ல இருந்த தம்பி என்னைப் பாவமா பார்த்தான், அவன் தப்பு எதுவும் இல்ல.

ஒரு வேடிக்கை. அப்பா வசனத்தோட முழுசா ரசிச்ச தமிழ் சயின்ஸ் ஃபிக்‌ஷன், 'மாநாடு'. டைம் லூப் படம், ஒரே நாள் திரும்பத் திரும்ப வருது. முதல் தடவை விட்ட வசனத்தை மூணாவது சுத்துல பிடிச்சுட்டார். 'இவங்க நல்லவங்க, புரியலைன்னா திரும்பச் சொல்றாங்க'ன்னார்.

'டியூன்: பார்ட் டூ' பெரிய ஸ்கிரீன்ல பார்த்தோம். கதை அவருக்குப் புரியல. யார் மெசையா, யார் பேரரசர், எதுவும் வேண்டாம்னுட்டார். ஆனா மணல்ல ஒரு கருவியை நட்டு வச்சு டொம் டொம்னு ஒரே சீரா அடிக்க விடுவாங்க இல்ல, புழு அந்த அதிர்வைத் தேடி வரும். அந்த அதிர்வு சீட்டு வழியா உடம்புக்கே வந்துச்சு. 'நம்ம தறி மாதிரி'ன்னு என் கையைத் தட்டினார். அந்த மக்கள் புழுவுக்குத் தெரியாம இருக்க, தாளம் தப்பித் தப்பி நடப்பாங்க. தறி ஓடறப்போ தாளம் தப்பினா எங்கேயோ நூல் அறுந்திருக்குன்னு காதாலயே கண்டுபிடிப்போம்னு வெளியே வந்து சொன்னார். காதைப் பத்தி அவரா பேசினது அதுதான் முதல் தடவை.

கடைசியா 'எ கொயட் பிளேஸ்'. 2018 படம், 2024ல 'டே ஒன்'னு முன்கதை வந்தப்போ, முதல் படத்துல இருந்தே பார்ப்போம்னு வீட்டுல போட்டேன். இனி முடிவைச் சொல்லப் போறேன், பார்க்காதவங்க ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க. சத்தம் போட்டா வந்து கொல்ற ஜந்துக்கள். ஒரு குடும்பம் தப்பிச்சு வாழுது, எப்படின்னா மூத்த பொண்ணுக்குக் காது கேக்காது, அதனால வீட்டுல எல்லாருக்கும் ஏற்கெனவே சைகை மொழி தெரியும். அந்தப் பொண்ணா நடிச்ச மில்லிசென்ட் சிமண்ட்ஸுக்கு நிஜத்துலயும் காது கேக்காது. அப்பா பாத்திரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பொண்ணோட காக்ளியர் கருவியை ரிப்பேர் பண்றார், பண்றார், சரியாவே வரல. பொண்ணுக்கு அது பிடிக்கவும் இல்ல. கடைசியில அந்தச் சரியில்லாத கருவியில இருந்து கிளம்பற கீச்சுச் சத்தம்தான் ஜந்துக்களைத் தடுமாற வைக்குது.

எங்க வீட்டு மெஷினும் காதுல சரியா உட்காரலைன்னா கீச்சுன்னு கத்தும். 'உங்கப்பன் காதுல குக்கர் விசில் அடிக்குது'ன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க. அதனாலயே அவர் பாதி நாள் அதை டப்பாவுலயே வச்சிருப்பார். படம் முடிஞ்சதும் அப்பா ஒண்ணும் பேசல. எழுந்து போய் டப்பாவை எடுத்துட்டு வந்து, மாட்டி, வேணும்னே கையை வச்சு மூடி கீச்சுன்னு கத்த விட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரிச்சார். தினமும் மாட்டறாரான்னு கேட்டீங்கன்னா, இல்ல. வாரத்துல ரெண்டு மூணு நாள்.

நான் இப்ப 'ஒண்ணுமில்ல விடுங்க' சொல்றதில்ல. சில நாள் அலுப்புல வாய் வரைக்கும் வரும். அப்போ அவர் முகத்துக்கு நேரா திரும்பி, முதல்ல இருந்து மெதுவா சொல்றேன். தியேட்டர்ல நோட்டு ஆப்புல தமிழ்ல டைப் பண்ணி, வெளிச்சத்தைக் குறைச்சு மடியில காட்டறேன். பின்னாடி இருக்கறவங்க திட்டறாங்க, நியாயம்தான். அதனால கடைசி வரிசை ஓர சீட்டாப் பார்த்துப் புக் பண்றோம்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அப்பா கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு: 'இதுல பேசறாங்களா, செய்யறாங்களா?' வர்ற ஞாயித்துக்கிழமை படத்துக்கும் கேட்டார். டிரெய்லரைப் பார்த்தா ரெண்டும் பண்ற மாதிரி இருக்குது. பார்த்துட்டு வந்து அடுத்த எபிசோடுல சொல்றேன். உங்க ஊர்ல எந்தத் தியேட்டர்லயாவது தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து போட்டா எனக்கு ஒரு மெயில் போடுங்க. நூறு கிலோமீட்டரா இருந்தாலும் வர்றோம்.