இந்த ரோஜா யாரோடது?

போன எபிசோட்ல நான் மடித்த காகித ரோஜாவைப் பற்றிப் பேசினேன், ஞாபகம் இருக்கா? "நானே உருவாக்கிய ரோஜா"ன்னு பெருமையா வேற சொல்லியிருந்தேன். அது தப்பு. அதைத் திருத்தத்தான் இந்த எபிசோட்.

நடந்தது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மொட்டைமாடியில் கூடுவோம். எல்லாருக்கும் ஒரிகாமிப் பைத்தியம். அவரவர் மடித்ததைக் கொண்டுவந்து நடுவில் வைப்போம். பிடித்திருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். போன தடவை நான் சிவப்பு ரோஜாவை வைத்தேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருத்தர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது யாரோட ரோஜா?"

"நான் மடிச்சது டீச்சர்."

"மடிச்சது நீங்கதான், அது தெரியுது. ரோஜா யாரோடது?"

எனக்குப் பதில் தெரியல. யார் பெயரும் போடாத ஒரு வீடியோவைப் பார்த்துக் கற்றது அது. பத்து தடவை கிழிந்து, பதினோராவது தடவைதான் சரியா வந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டதால அது என்னோடதுன்னே மனசு முடிவு பண்ணிடுச்சு. இன்னொன்றையும் ஒத்துக்கறேன். அக்கா கல்யாணத்துக்கு நாற்பது ரோஜா மடிச்சு வெச்சிருந்தேன். "நீயே கண்டுபிடிச்சதாப்பா?"ன்னு பெரியப்பா கேட்டப்போ இல்லைன்னு சொல்லல. சும்மா சிரிச்சேன்.

டீச்சர் திட்டவெல்லாம் இல்லை. "இது கவசாகி ரோஜா" என்றார். தோஷிகாசு கவசாகி ஜப்பானியக் கணிதவியலாளர். அவர் பெயரில் ஒரு தேற்றமே இருக்கு. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு காகிதத்தை எப்படி வேண்டுமானாலும் தட்டையா மடிச்சிட்டுப் பிரிங்க. ஓரத்தில் இல்லாமல், உள்ளே மடிப்புக் கோடுகள் சந்திக்கிற ஒரு புள்ளியை எடுத்துக்கங்க. அதைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 டிகிரி வரும். விட்டுப்போன கோணங்களைக் கூட்டினாலும் அதே 180 தான்.

மடிக்கிறவர் வேறு, வடிவமைக்கிறவர் வேறு. ஒரு சதுரக் காகிதத்தில் எந்த இடத்தில் கோடு விழுந்தால் இதழ் வரும், எந்த இடத்தைத் திருகினால் பூ குவியும் என்று யோசித்து முடிவு செய்தவர் ஒருவர். நாம அந்த வழியில் போகிறோம். அதுவும் திறமைதான், ஆனால் வேறு திறமை.

இந்த வழியை எப்படி எழுதி வைப்பது என்பதே ஒரு காலத்தில் பிரச்சனையாக இருந்தது. ஜப்பானில் அகிரா யோஷிசாவா 1954இல் வெளியிட்ட புத்தகத்தில் கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட ஒரு முறையைப் பயன்படுத்தினார். சின்னச் சின்னக் கோடுகளாக வந்தால் உள்பக்கம் மடிக்கணும். கோடும் புள்ளியுமாக வந்தால் வெளிப்பக்கம். பிறகு சாமுவேல் ராண்ட்லெட், ராபர்ட் ஹார்பின் ஆகியோர் இதை விரிவாக்கினாங்க. ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாத நான் இன்றைக்கு ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடிக்க முடிகிறதென்றால் அதனால்தான். அந்த முறைக்கும் யோஷிசாவா–ராண்ட்லெட் என்று பெயர் சொல்லித்தான் பேசுகிறோம்.

பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும்? 2011இல் ராபர்ட் லாங், நம்ம கவசாகி உட்பட ஆறு ஒரிகாமிக் கலைஞர்கள் அமெரிக்காவில் வழக்கு போட்டாங்க. சாரா மாரிஸ் என்ற ஓவியர் இவர்களுடைய மடிப்பு வரைபடங்களை எடுத்து, வண்ணம் தீட்டி, இவர்கள் பெயரைச் சொல்லாமல் காட்சிக்கு வைத்தார் என்பதுதான் புகார். கடைசியில் சமரசம் ஆச்சு. வரைபடம் யாருடையது என்ற விவரமும் ஓவியத்தோடு வரும் என்பது அதில் ஒரு அம்சம்.

"அப்போ கொக்குக்கும் பேர் போடணுமா?"ன்னு நீங்க கேட்கலாம். ஒரே காகிதத்தில் பல கொக்குகளைச் சேர்ந்தாற்போல் மடிப்பதற்கென்றே ஜப்பானில் 1797இல் ஒரு புத்தகம் வந்திருக்கு. ஆனால் முதல் கொக்கை மடித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. மழைநாளில் நாம விட்ட கத்திக்கப்பல் மாதிரிதான். அதுக்கு "மரபு வடிவம்"னு எழுதினால் போதும்.

ஆபீஸ்ல ஓப்பன் சோர்ஸ் கோட் எடுக்கும்போது மேலே இருக்கிற ஆசிரியர் பெயரை அழிக்கக்கூடாது என்று ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான். காகிதத்துல அதையேதான் செஞ்சிருக்கேன்.

இப்போ எங்க கூட்டத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறோம். வடிவமைத்தவர், மடித்தவர், காகிதத்தின் வகையும் அளவும், எங்கே கற்றது. நாலே வரி. மரியாதைக்காக மட்டுமில்லை. அடுத்து மடிக்க ஆசைப்படுகிறவர் எங்கே தேடுவது என்பதும் அதில் இருக்கு.

நேத்து பெரியப்பாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னப்பா, மடிச்சது நீதானே?"ன்னார்.

ஆமா பெரியப்பா, மடிச்சது நான்தான். வடிவமைச்சது தோஷிகாசு கவசாகி.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.