கெபி முற்றத்து ரோஜா

(பொன்விழாத் தொடக்க ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று கெபி முற்றத்தில் 41 சிறு பைகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறீர்கள். ஒவ்வொரு பையிலும் பென்சில் கனத்தில் ஒரு குச்சி. அதிலிருந்து கிளம்பிய இரண்டு மூன்று துளிர்கள். பொன்விழா நினைவுப் பரிசாகக் குத்துவிளக்கோ சுவர்க் கடிகாரமோ கிடைக்கும் என்று எண்ணி வந்தவர்களின் முகம் சற்றே வாடியதையும் கவனித்தோம். இந்தக் குச்சிகள் இங்கு வந்த கதையைச் சொன்னால் அந்த வாட்டம் நீங்கும் என்று நம்புகிறோம்.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த காலத்தில், வேலை தேடி வந்த சில குடும்பங்களுக்காக நம் ஆலயம் கட்டப்பட்டது. 1980இல் டி.வி.எஸ். 50 வண்டி இவ்வூரிலிருந்து முதன்முதலாக வெளிவந்தபோது, அதை முடுக்கிய கைகளில் சில நம் பங்கின் கைகளே. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்தவர்கள், முன்பே இங்கு வாழ்ந்த தெலுங்கு, கன்னடம் பேசும் மக்களோடு ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஞாயிறுதோறும் இடமின்றி வெளியே வெயிலில் நிற்கிறார்கள். ஆகவே ஆலயத்தை விரிவாக்குவது என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. விரிவாக்க வேண்டிய பக்கத்தில்தான் கெபி முற்றத்து ரோஜாப் பாத்தி இருக்கிறது.

இங்கே நம் குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்று மூன்று ஆண்டுகளே ஆகின்றன. பாத்தியை எடுக்க வேண்டும் என்றதும் தாய்மார் சிலர் வருந்தினார்கள். "செடிதானே அம்மா, நர்சரியில் புதிதாக வாங்கி வைத்துவிடலாம்" என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அப்போது எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா, "சாமி, இது வாங்கின செடி இல்லீங்க. எங்க ஊர் கோயில்ல ஒடிச்சு, ஈரத்துணியில சுத்தி, பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தது" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே அந்த அம்மாவிடம் சென்று, என்ன செய்யலாம் என்று கேட்டோம். "வர்ற கவாத்துல குச்சி எடுத்து வைங்க சாமி, வீட்டுக்கு வீடு போகட்டும்" என்றார்கள். அப்படியே கடந்த நவம்பரில் கழித்த கிளைகளிலிருந்து 60 குச்சிகள் நட்டோம். 41 வேர்பிடித்தன. அந்த அம்மா இவ்வாண்டுத் தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார்கள். நம் பங்கில் 20 அன்பியங்கள். அன்பியத்துக்கு இரண்டு வீதம் 40 செடிகள். மீதமுள்ள ஒன்று அவர்கள் இல்லத்துக்கு. வருகிற வாரம் பாத்தி எடுக்கப்படும். அதன்பின் இந்த ரோஜா நம் பங்கில் வாழ்வதும் மறைவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இது பன்னீர் ரோஜா. எட்வர்ட் ரோஜா என்றும் சொல்வார்கள். இதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு என்றும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலியோரத்தில் மேற்கத்திய ரோஜாவும் சீனத்து ரோஜாவும் தாமாகவே கலந்து பிறந்தது என்றும் வல்லுநர்கள் கூறுகின்றனர். ஆகவே இதுவும் நம்மைப் போல் வந்தேறிய குடும்பமே. கடையில் வாங்கும் பெருமலர் ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். இதுவோ குச்சியை நட்டாலே சொந்த வேரில் வளரும். பூ சிறிது, இதழ் மெலிது, மறுநாளே உதிரும். ஆனால் அதன் மணத்துக்கு ஈடில்லை.

இனி வளர்ப்பைக் கூறுவோம். ஓசூர் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருப்பதால் ரோஜாவுக்கு ஏற்ற குளிர்ச்சி நமக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் தூறல் இருக்கும் இந்த நாட்களே நடவுக்கு உகந்தவை. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, சில நாள் ஆறவிட்டு, மக்கிய தொழுவுரம் பத்துக் கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணத்தை இடவேண்டாம், வேர் வெந்துவிடும். லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்போர் மனம் தளர வேண்டாம். ஓரடி வாயுள்ள மண்தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து, மாடிப்படி ஓரத்தில் வைத்தாலும் வளரும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். இல்லையேல் வேர் அழுகும்.

தண்ணீரைக் காலையில், செடியின் அடியில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் தங்கி, இலையில் கரும்புள்ளி விழும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மார்கழி, தை மாதப் பனியில் தளிர்மேல் மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து தெளித்தால் கட்டுப்படும். அசுவினி அண்டினால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள்.

இவையனைத்தையும் நம் தாய்மார் செய்துவிடுவார்கள். செய்யத் தயங்குவது ஒன்றே ஒன்று, அதுதான் கவாத்து. நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், அறைவீட்டின் முன் ஒரு ரோஜாச் செடியை வைத்து, இரக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் வெட்டாமலே வளர்த்தோம். அது ஆளுயரம் ஓங்கியது, அடியில் கட்டையாயிற்று, பூ குறைந்தது. பிறகு நுனியிலிருந்து கருகத் தொடங்கி ஒவ்வொரு கிளையாகக் காய்ந்தது. கத்தரியைக் கையில் எடுத்தபோது காலம் கடந்துவிட்டது. இரக்கம் என்று நாம் நினைத்தது உண்மையில் நம் சோம்பலே.

கவாத்தை நினைவில் வைக்க நம் திருவழிபாட்டு நாட்காட்டியே போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று செடியில் உள்ள பூவையெல்லாம் பறித்து உங்கள் முன்னோரின் கல்லறையில் வையுங்கள். அந்த வாரத்திலேயே, மழை விட்ட ஒரு நாளில் கத்தரியை எடுங்கள். காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, நூல்போல் மெலிந்த கிளை ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். எஞ்சியவற்றைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும்; வெட்டுவாயில் நீர் தங்கக் கூடாது. நுனி கருகியிருந்தால் பச்சைத் தண்டு தெரியும்வரை வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடைப் பசையாகக் குழைத்துத் தடவுங்கள். பின்பு ஒரு கூடை எரு இடுங்கள். இந்த இளஞ்செடிகளுக்கு முதலாண்டில் நுனியை மட்டும் கிள்ளினால் போதும். முழுக் கவாத்து அடுத்த ஆண்டு முதல். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் பூ வரும். எண்ணிப் பாருங்கள்: கல்லறையில் பூ வைத்த வாரத்தில் வெட்டிய செடி, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடிலின் முன் பூவைத் தருகிறது.

இந்தக் கணக்கு நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அமுதகொண்டபள்ளியில் டிட்கோவின் கூட்டு முயற்சியாக அமைந்த டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவிலும், சுற்றியுள்ள பசுமைக் குடில்களிலும் நம் பங்குப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். தாஜ்மகால் என்னும் சிவப்பு ரோஜாவை பிப்ரவரி 14க்கு அயல்நாடுகளுக்கு அனுப்ப, டிசம்பர் மாதத்திலேயே நாள் குறித்துக் கிளைகளை வெட்டுகிறார்கள்.

2020 மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் அடைபட்டபோது நடந்ததையும் மறக்க முடியாது. திருமணம் இல்லை, திருவிழா இல்லை, ஆலயமும் பூட்டியிருந்தது. வாங்க ஆளில்லாத பூவைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டினார்கள். அந்நாளில் தோட்டத்தில் வேலை செய்த நம் பங்குச் சகோதரர் ஒருவரிடம், "விற்காத பூவை ஏன் தினமும் வெட்டுகிறீர்கள்? செடியிலேயே விட்டால் என்ன?" என்று பின்னாளில் கேட்டோம். "விட்டா பூ அழுகி, நோய் இறங்கி, செடியே போயிடும் சாமி. பூ போனா போகுது, செடி இருந்தா அடுத்த வருஷம் பொழைச்சுக்கலாம்" என்றார். சம்பளம் வருமா என்று தெரியாத நாளிலும் அவர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. குருமடத்தில் கற்றதற்கு நிகரான பாடத்தை நாம் அவரிடம் கற்றோம்.

நம் பங்கும் வெட்டி நட்டதால் வளர்ந்ததுதான். சேலம் மறைமாவட்டம் என்னும் தாய்ச்செடியிலிருந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது வருந்தியவர்கள் உண்டு. இன்று அது தன் வேரில் நிற்கிறது. உங்களில் பலர் சொந்த ஊரிலிருந்து வெட்டுண்டு இங்கே ஊன்றப்பட்டவர்கள். அந்த வெட்டின் வலியை நாம் சிறிதாகச் சொல்லவில்லை. வெட்டியதோடு விட்டுவிட்டால் குச்சி காய்ந்துதான் போகும். நிழலும் நீரும் தந்து, வேர்பிடிக்கும்வரை பொறுத்திருந்தவர்கள் இருந்ததால்தான் நாம் இன்று இங்கே நிற்கிறோம். வெளியே வெயிலில் நிற்கும் ஒடிசா, ஜார்க்கண்டுப் பிள்ளைகளுக்கு அந்த நிழலைத் தருவது இனி நம் முறை. ஆகவே அன்பியத்துக்குக் கிடைக்கும் இரண்டு செடிகளில் ஒன்றை, புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் கையில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நடும் முறையையும் உடனிருந்து காட்டிக்கொடுங்கள்.

செபமாலையை இலத்தீனில் ரொசாரியும் என்பார்கள்; ரோஜாத் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். இனிமேல் கெபியின் முன் பாத்தி இராது. ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபர் செபமாலை மாதத்தில், ஒவ்வோர் அன்பியமும் தன் முறை வரும் நாளில் இந்தச் செடியின் ஒரு பூவையாவது மாதாவின் பாதத்தில் வைக்க வேண்டும். செடி பட்டுப்போனால் வெட்கப்பட வேண்டாம். நட்ட 60இல் 19 குச்சிகள் நம் கையிலேயே காய்ந்தன. பக்கத்து அன்பியத்தில் ஒரு குச்சி கேட்டு வாங்கி மீண்டும் நடுங்கள்.

இப்போது வரிசையாக வந்து பெற்றுக்கொள்ளுங்கள். பையை அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்க வேண்டாம். முதல் செடியைப் பாட்டியம்மாவின் மகள் பெற்றுக்கொள்ள அழைக்கிறோம். இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றின் வாசலில் வளரப்போகும் இச்செடிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.