ஓர் இரவின் மொழிபெயர்ப்பு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தொல்குடி மக்களின் ஆட்சியும் பண்பாடும் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கடல்போன்ற பொருள். நான் நியூசிலாந்தின் மாவோரி மக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர்களிடம் செல்ல நமக்கு ஒரு மணி வழிகாட்டுகிறது.

1836ஆம் ஆண்டளவில், அந்நாட்டின் வடபகுதியில் கிறித்தவச் சமயப் பணியில் அச்சராக இருந்த வில்லியம் கொலென்சோ, மாவோரிகள் ஓர் உடைந்த வெண்கல மணியைச் சட்டியாக்கிக் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டார். முகைதீன் பக்சு என்பாருடைய கப்பல் மணி என்று அதில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. இம்மணியைச் சான்று காட்டி, தமிழன் அன்றே அங்குச் சென்றான் என மேடைதோறும் முழங்குகிறோம். எனக்கு அதில் நாட்டம் குறைவு. மணியைக் கண்டெடுத்தவர் நான்காண்டுகள் கழித்துக் கேட்ட ஒரு கேள்வியே என்னை ஈர்க்கிறது.

1840 பிப்ரவரி 6, வைதாங்கி. விக்டோரியா அரசியின் சார்பில் கேப்டன் ஹாப்சன் ஓர் உடன்படிக்கையுடன் அமர்ந்திருக்கிறார். தலைவர்கள் ஒப்பமிட அழைக்கப்படும் வேளையில் கொலென்சோ எழுந்து, இம்மக்களுக்கு இதன் பொருள் விளங்கியதா என்று கேட்டார். விளக்குவதற்குத் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டதாக ஹாப்சன் மறுமொழி கூறினார். ஒப்பமிடல் நடந்தேறியது.

என்ன விளங்கியிருக்கும்? ஆங்கில மூலத்தை மாவோரியில் ஆக்கியவர்கள் ஹென்றி வில்லியம்சு என்னும் பாதிரியாரும் அவர் மகன் எட்வர்டும். பிப்ரவரி 4ஆம் நாள் மாலை கைக்கு வந்த ஏட்டை மறுநாள் காலைக்குள் முடித்தாக வேண்டும். தலைவர்கள் இறைமை முழுவதையும் அரசிக்கு அளிக்கிறார்கள் என்பது ஆங்கிலம். மாவோரிப் படியிலோ அவ்விடத்தில் ‘காவானாதங்கா’ என்ற சொல் நிற்கிறது. ‘கவர்னர்’ என்பதை மாவோரி நாவுக்கேற்பத் திரித்து, அதனோடு தம் விகுதியைச் சேர்த்த சொல் அது. ஆளுநர் வேலை என்று கொள்ளலாம். விவிலிய மொழிபெயர்ப்பில் பிலாத்து என்னும் ஆளுநனுக்கு வழங்கிய பெயரே அதன் வேர். அடுத்த பிரிவிலோ, நிலம், ஊர், செல்வம் அனைத்தின்மீதும் ‘ரங்கதிராதங்கா’, அதாவது தலைமைக்குரிய முழு உரிமை, தலைவர்களிடமே இருக்கும் என்று எழுதப்பட்டது. ஒரு கையெழுத்தில் இரண்டு உடன்படிக்கைகள்! ஐந்நூறுக்கு மேற்பட்ட தலைவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரிப் படியில்தான். ஆங்கிலப் படியில் 39 பேரே.

வில்லியம்சு வேண்டுமென்றே வஞ்சித்தார் என்று தீர்ப்புரைக்க நான் துணியேன். அறியாமல் செய்தார் என்று சொல்லவும் நா எழவில்லை. ஏனெனில், 1835இல் வடபகுதித் தலைவர்களின் விடுதலை அறிக்கையை மொழிபெயர்த்தவரும் அவரே. அங்கே இறைமை அதிகாரத்தைச் சொல்லும்போது ‘மானா’ என்ற சொல்லை ஆண்டிருக்கிறார். 1840இல் அச்சொல்லைக் காணோம். தம் மானாவைக் கொடுக்கிறோம் என்று எந்தத் தலைவன் ஒப்பமிடுவான்?

பின் நடந்தவை அறிந்த கதையே. போர், நிலப்பறிப்பு, தாய்மொழி பேசிய பிள்ளைக்குப் பள்ளியில் பிரம்படி. ஆனால் அன்பர்களே, அந்த இரவின் மொழிபெயர்ப்பு இன்னொன்றும் செய்தது. நிலம், காடு, மீன்பிடி நீர்நிலை, பிற உடைமைகள் என்று ஆங்கிலம் அடுக்கிய இடத்தில் மாவோரிப் படி ‘தாவோங்கா’ என்றது. போற்றிக் காக்கும் அருஞ்செல்வம் எதுவும் அதில் அடங்கும். 1972இல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு, பள்ளிகளில் மாவோரி கற்பிக்குமாறு நாடாளுமன்றத்தில் விண்ணப்பித்தனர். 1982இல் பாட்டிமார் பேச்சில் மழலையர் மொழி பழகும் ‘கோஹங்கா ரேயோ’, மொழிக்கூடு, தோன்றியது. 1986இல் வைதாங்கித் தீர்ப்பாயம் மொழியும் தாவோங்காவே, அதைக் காப்பது அரசின் கடமை என்று உரைத்தது. மறு ஆண்டே மாவோரி ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலப் படி மட்டும் இருந்திருந்தால் ‘பிற உடைமைகள்’ என்ற தொடருக்குள் ஒரு மொழியை நுழைக்க எத்தனை வழக்கறிஞர் வேண்டியிருக்கும்!

வழக்கு இன்னும் தீரவில்லை. ஒப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று 2014இல் தீர்ப்பாயம் கூறியது, அரசு ஏற்கவில்லை. 2024இல் உடன்படிக்கையின் கோட்பாடுகளைப் புதிதாக வரையறுக்க ஒரு மசோதா வந்தது. ஹனா ரவ்ஹித்தி மைப்பி கிளார்க் என்ற இளம் உறுப்பினர் அதன் படியை அவையிலேயே கிழித்து ஹாக்கா முழங்கினார். பல்லாயிரவர் வெலிங்டனுக்கு நடந்தனர். 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்ற வாக்கில் மசோதா தோற்றது.

இவ்வுரைக்காக அவ்வுடன்படிக்கையைத் தமிழாக்க முயன்றேன். காவானாதங்காவுக்கு ‘ஆளுகை’ பொருந்துகிறது. 1835ஆம் ஆண்டு அறிக்கையின் ‘மானா’விடம் வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. ‘இறைமை’ என்று எழுதினேன். இறை என்ற சொல்லுக்குள் கடவுளும் அரசனும் அவன் வாங்கும் வரியும் சேர்ந்தே வருவதைக் கண்டு அடித்துவிட்டேன். ‘மாட்சி’ மெலிந்து தோன்றுகிறது. கவிஞர்கள் நிறைந்த அவை இது. உங்களுக்கு நல்ல சொல் தோன்றினால் விழா முடிவில் என்னிடம் கூறுங்கள்.